நாமக்கோழியும் ஒரு லட்டும்

டவுன் பஸ் ஜன்னலில் கண்மாய் தெரிந்ததும் சூரியபிரகாஷ் எழுந்து நின்றுவிடுவான். "மாப்ள, அங்க பார்றா! ஒடம்பெல்லாம் கறுப்பு, நெத்தியில வெள்ள நாமம். நாமக்கோழிடா!" பக்கத்தில் இருப்பவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் அவனுக்கு மாப்ளதான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். வீட்டில் முதல் பட்டதாரி. சோத்து டப்பாவை மறப்பான், பைனாகுலரை மறக்கமாட்டான்.

பேச்சைத் தொடங்கினால் மொரீஷியஸ் தீவு வரை போய்த்தான் திரும்புவான். அங்கே நாமக்கோழிக்கு ஒரு பங்காளி இருந்தது. உருவில் பெரியது, பறக்கச் சோம்பல். முந்நூறு வருஷத்துக்கு முன்பே பூண்டற்றுப் போனது. இந்தக் கதையைக் கேட்டே இரண்டு பெண் வீட்டார், 'மாப்பிள்ளை ஒரு மாதிரி' என்று கழன்றுகொண்டார்கள். மூன்றாவதாக வந்த ஆர்த்திகாவின் போட்டோவை அவன் நாமக்கோழிப் படங்களோடு சேர்த்து வைத்திருந்தான். அவன் போனில் அதைவிட உயர்ந்த இடம் கிடையாது. இந்த இடமும் தட்டிப்போனால் தாங்கமாட்டான்.

பரவைக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவிலேயே அம்மா தங்கப்பொண்ணு எச்சரித்தாள்: "கோழின்னு வாயெடுத்தே, கொன்னேபுடுவேன். பேசி முடிக்காம கையும் நனைக்கப்படாது." சம்மதம் சொல்லாமல் பெண் வீட்டில் ஒரு வாய் தின்னக்கூடாது, தின்றால் முடிந்த சம்பந்தம்.

பலகாரத் தட்டோடு ஆர்த்திகா வந்தாள். அவளுடைய அப்பா விருமாண்டி, மார்க்கெட்டில் கத்திரிக்காய் வியாபாரி, ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டார்: "நம்ம கண்மாயில கறுப்பா மெதக்குதே, அது வாத்தா தம்பி?"

தங்கப்பொண்ணு கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாத்தா! என்ன மாமா இப்பிடிச் சொல்லிட்டீக?" அவன் ஒரு பணியாரத்தை எடுத்தான். "இது நம்ம கோழி. ஆள் வந்தா தண்ணி மேல தடதடன்னு இம்புட்டு தூரம் ஓடி, எந்திரிச்சுப் பறந்துரும்." பணியாரம் தட்டின் விளிம்பில் ஓடி எழுந்தது. மறு கையில் லட்டு. "இது தீவுக்கோழி. தின்னு கொழுத்துப் போச்சு. கப்பல்ல ஆளுக வந்து எறங்குனாங்க. இது பறக்கல. பிடிச்சாங்க. பிடிச்சு..."

கடித்தான்.

வாய் நிறைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஆத்தி! கைய நனைச்சுட்டானே!" என்று தங்கப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

விருமாண்டிக்குச் சிரிப்பில் துண்டு நழுவியது. "மாப்பிள்ளை முடிச்சுட்டாரு. நீ என்னத்தா சொல்ற?"

ஆர்த்திகா முன்னால் வந்து, அவன் விரல்களுக்குள் இருந்த பணியாரத்தை எடுத்தாள். மேசைமேல் தடதடவென்று ஓடவிட்டு, மேலே எழுப்பி, அவன் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தன் வாயில் கொண்டுவந்து இறக்கினாள்.