ஆடிக் கூழ் நின்ற செய்தி

உள்ளூர் நிருபர் வேலையில் செய்தி கிடைப்பது சுலபம். அது செய்திதான் என்று அலுவலகத்தை நம்பவைப்பதற்குள்தான் உயிர் போகும். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடம் இல்லை

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பின்தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்து வந்தது. தையல் வேலை செய்யும் கலா அக்காவின் மகள் வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. வீடு வீடாகக் குழாயைத் திறந்து மோந்து பார்த்த பிறகே எழுதினேன். மறுநாள் பேப்பரில் அதற்குப் பதில் சாமி புறப்பாட்டுப் படம் வந்திருந்தது. மாவட்டப் பக்கத்தைப் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். "காஞ்சிபுரம்னா ஜனங்க கோயிலையும் பட்டுப்புடவையையும்தான்மா தேடுவாங்க. தண்ணி நாத்தம் எல்லா ஊர்லயும்தான் இருக்குது."

சாமி போகும் வழி

அடுத்த வாரம் புறப்பாடு போகும் வீதியிலேயே சாக்கடை வழிந்தது. எழுதினேன், படத்தோடு வந்தது. அன்று காலையே லாரி வந்து உறிஞ்சி, பிளீச்சிங் பவுடரும் தூவியாயிற்று. பின்தெருக் குழாயையும் பாருங்கள் சார் என்று லாரியோடு வந்த மாநகராட்சி சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பேப்பர்ல வந்தா மேலேருந்தே ஆள் அனுப்புவாங்கம்மா. வராததுக்கு நான் ஆள் கேட்டா, 'உனக்கு இன்னாய்யா அவசரம்'பாங்க."

காலி அண்டா

இதைக் கலா அக்காவிடம் சொன்னேன். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றப் பந்தல் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை அக்கா போன் செய்தார். இந்தத் தண்ணீரில் அம்மனுக்குக் கூழ் காய்ச்சுவதில்லை என்று தெருவே முடிவு செய்துவிட்டதாம். பேப்பரில் வருவதற்காகச் சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் நேரில் போனேன். மைக்செட் சத்தம் இல்லை. கேழ்வரகு மாவு மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. "இன்னாமா முழிக்கற? அண்டாவுக்குள்ள தலைய விட்டுப் பாத்துக்கோ. கூழ் இருந்தா எழுதாத!" என்றார் கலா அக்கா.

பக்கத்துத் தெரு

கூழ் நின்ற செய்தி மாவட்டப் பக்கத்தின் உச்சியில் பெரிதாக வந்தது. "இவ்ளோ பெரிய மேட்டர வச்சிக்கினு வெறும் வாந்திபேதின்னு எழுதிக்கினு இருந்தியேம்மா" என்று அண்ணன் செல்லமாகக் கடிந்துகொண்டார். திங்கட்கிழமையே தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றினார்கள். அடுத்த ஞாயிறு நல்ல தண்ணீரில் கூழ். கலா அக்காவின் மகள் சொம்போடு முதல் ஆளாக நின்றாள். வரிசையில் நின்ற பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார். "எங்க குழாயிலயும் அதே நாத்தம்தாம்மா. எங்க தெருவுல கோயிலே இல்லியே, நாங்க இன்னாத்த நிறுத்தறது?"

அந்தத் தெருச் செய்தியை மூன்று விதமாக எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் அதற்கு ஒரு சாமி கிடைக்கவில்லை.