உலராத கோடு

இந்தக் குறிப்பில் நான் கண்ணால் கண்டவற்றையும், கேட்ட சொற்களுள் மாறாமல் நினைவில் நிற்பவற்றையும், என் மேசைமேல் இப்போது விரிந்து கிடக்கும் ஓர் அச்சுத்தாளைக் கொண்டு சரிபார்க்கத்தக்கவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. கொட்டாஞ்சேனையில் நான் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றிய அச்சகத்தில், மை உலர்த்தும் பொறியைப் பொறுப்பேற்று நடத்திய அக்கா அண்மையில் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாள் திருப்பலியில் வழங்கவிருந்த நினைவுத்தாளுக்குச் சில வரிகள் எழுதித்தரும்படி அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். ‘பிறர் செய்த பிழையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர்’ என்றொரு வரி அதில் கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னாள். அச்சகத்தில் எல்லோரும் நெடுங்காலமாகச் சொல்லி வந்த கதை அது. அழகான கதையுங்கூட. ஆனால் அந்த வரியை எழுதப் பேனாவை எடுத்தபோது, அதற்கு என்னிடம் சான்று இல்லை என்பது தெரிந்தது. ஆகவே அலுமாரியின் அடித்தட்டிலிருந்து இந்தத் தாளை வெளியே எடுத்தேன்.

தாள் ஒரு நினைவுமலரின் அட்டை. நம்மவர் வீடுகளில், இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று பந்திக்கு வருவோர் கையில் கொடுக்கும் நூலின் முகப்பு. முழுக்கறுப்புப் பின்னணியில் ஒரு முதியவரின் முகம்; விபூதிக் குறி, சற்றே உயர்ந்த இடப்புருவம், சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாத உதடுகள். அவருடைய கன்னத்தினூடாக, மேலிருந்து கீழாக, விரலகலத்தில் ஒரு கோடு இறங்குகிறது. மற்ற இடங்களில் கறுப்பு கண்ணாடிபோல் மின்னுகிறது. அந்தக் கோட்டில் மட்டும் மங்கிக் கிடக்கிறது.

அக்காவை நான் முதலில் அறிந்தது புத்தகங் கட்டும் பகுதியில். அதற்கு முன்னர் கொம்பனித்தெருவில் வேறோர் அச்சகத்தில் உலர்த்திப் பொறிகளை இயக்கியிருந்தார். அது மூடப்பட்டபின் எங்களிடம் வந்தார். எங்களிடம் அத்தகைய பொறி இல்லாததால் தாள் மடித்தும் நூல் கோத்தும் ஆண்டுகளைக் கழித்தார். அதை அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மழைக்காலத்தில் மை உலராமல் அடுக்கிலேயே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போதெல்லாம், இருந்த இடத்திலிருந்தே உரக்கக் குரல் கொடுப்பார். “காத்துக்குக் காயும் என்டு பாத்துட்டு இருங்க. கொழும்புக் காத்துல உடுப்பே காயாது, மை காயுமா?” என்பார். என்னை அவர் ‘டீச்சர்’ என்றுதான் அழைப்பார். நான் எந்தப் பள்ளியிலும் கற்பித்ததில்லை. நான் ‘புற ஊதா உலர்த்தி’ என்று சொன்ன முதல்நாள் தலையை ஆட்டிவிட்டு, “ட்ரையர் என்டு செல்லுங்க டீச்சர். உங்கட தமிழுக்கு மை காய ஒரு கிழமை செல்லும்,” என்றார். அதற்குப் பிறகும் நான் என் சொல்லையும் அவர் தம் சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாளி கடைசியில் ஓர் உலர்த்தியை வாங்கினார். அது பழைய பொறி. களனியில் இருந்த வணிகர் ஒருவரிடமிருந்து, சரிவராவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உடன்பாட்டில் வந்தது. அக்காவின் வற்புறுத்தலால்தான் வந்தது என்பதை முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். “இது சரிவந்தா நீர்தான் பொறுப்பு. சரிவராட்டி அது களனிக்கு, நீர் பைண்டிங்குக்கு,” என்று அவர் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

பொறி அச்சியந்திரத்தின் வெளிவாயிலில் பொருத்தப்பட்டது. அச்சான தாள் ஒரு நீண்ட விளக்குக் குழாயின் கீழாக ஓடும். அந்த ஒளி பட்ட கணத்தில் அதற்கென்றே செய்த மை இறுகிவிடும். ஒளி படாவிட்டால் அந்த மை காற்றில் எத்தனை நாள் கிடந்தாலும் சரியாக இறுகாது. பழைய மையைப் போல ‘நாளைக்குக் காயும்’ என்று அதைத் தள்ளிவைக்க முடியாது. இதை அக்கா எனக்குச் சொன்ன விதம் வேறு: “இது கோபக்கார மை டீச்சர். மூஞ்சியப் பாத்தா உடனே சரி, பாக்காட்டி சாகும்வரைக்கும் சரியில்ல.” வெப்பத்தையும் நாற்றத்தையும் வெளியேற்றும் குழலை முதலில் குறுந்தெருவான ஒழுங்கைப் பக்கமாகத் திறந்து வைத்தார்கள். பொறி ஓடத் தொடங்கிய நாளில், எதிரில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் வாசலில் வந்து நின்று, “அக்கே, மே மொன கந்தத?” என்று சிங்களத்தில் கேட்டார்; இது என்ன நாற்றம் என்பது அதன் பொருள். “ஹெட்ட ஹரி, மல்லி,” என்று, நாளைக்குச் சரியாகிவிடும் என அக்கா அவரைத் தேற்றினார். மறுநாள் குழல் கூரைக்கு மேலே ஏற்றப்பட்டது. விளக்குக் குழாயை மாட்டியது அக்காவே. வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து, ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் ஏந்தி அதை உள்ளே வைத்தார். அதை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கருகி, கண்ணாடிக்குள் பால் படர்ந்ததுபோல் வெளிறி, ஒளியை மறைத்துவிடும். இதை அவர் அருகில் நின்ற எல்லோருக்கும் சொன்னார். நானும் கேட்டேன்.

பொறியைப் பொருத்திய மறுநாட்காலை பூசை நடந்தது. புதிதாக வந்த பொறிக்குப் பொட்டு வைக்காமல் அதை இயக்குவது எங்கள் அச்சகத்தில் வழக்கமில்லை. முதலாளியின் மனைவி வெள்ளவத்தையிலிருந்து சந்தனமும் குங்குமமும் கற்பூரமும் கொண்டு வந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று உலர்த்தியின் மூடி திறந்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா என்று நாங்கள் அழைத்த அவர், முதலில் அக்காவை அழைத்தார். “நீர் சேர்ச்சுக்குப் போற ஆள் எண்டு எனக்குத் தெரியும். ஆனா ஓட்டப் போறது நீர்தானே, நீர் முதல்ல வையும்,” என்றார். அக்கா ஒரு கணம் தயங்கி, சந்தனத்தில் விரல் தோய்த்துக் கையை மூடிக்கு உள்ளே கொண்டுபோனார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். விரல் எங்கே பட்டது என்பதைப் பார்க்கவில்லை. அடுத்து அம்மா வைத்தார். பிறகு முதலாளி, அதன்பின் அச்சியந்திரக்காரர்கள், கடைசியாக நான். நான் வைத்தது ஆளிப்பலகையின் ஓரத்தில். மற்றவர்களின் விரல்களை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய காரணம் அப்போது இருக்கவில்லை.

முதற்சில நாட்கள் சிறு வேலைகள்: அழைப்பிதழ்கள், பெயரட்டைகள். எழுத்துகளுக்கு ஏறிய மை கொஞ்சமே. அதனால் குறை எதுவும் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு தாளிலும் பெருவிரலைப் பதித்துத் திருகிப் பார்ப்பார். ஒட்டுநாடாவை ஒட்டி உரித்துப் பார்ப்பார். பொறி தங்கிவிடும் என்றே எல்லோரும் நினைத்தோம். அப்பொழுதுதான் அந்த நினைவுமலர் வந்தது. வெள்ளவத்தையில் வசித்த ஒரு பெண் தன் தந்தையின் படத்தோடு வந்தார். சகோதரர்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருப்பதாகவும், அந்தியேட்டி முடிந்த கையோடு புறப்பட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். முகப்பு முழுக்கறுப்பில் வேண்டும் என்பதும் அவர் விருப்பமே. அந்த அளவு மை ஏறும் தாளை உலர்த்திக் காட்டுவதுதான் உண்மையான சோதனை என்று முதலாளி முடிவு செய்தார்.

கிரியைக்கு முந்திய நாள் முற்பகலில் அந்தப் பெண் மீண்டும் வந்தார். அட்டைகள் அடுக்காகக் கிடந்தன. மேலே இருந்த ஒன்றைக் கையிலெடுத்துச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு யாருமே தடுக்க நினைக்காத ஒரு காரியத்தைச் செய்தார்: தந்தையின் கன்னத்தை விரலால் தடவினார். விரல் கறுத்தது. தாளில் கறுப்பு இழுபட்டது. அவர் விரலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பான்ர முகம் இப்பிடியே அழிஞ்சு போகுமோ?” என்று மெதுவாகக் கேட்டார். முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரை முந்திக்கொண்டார். “அழியாது பிள்ள. நாளைக்கு விடிய வாங்க. வந்து உங்கட கையால நல்லா தேச்சுப் பாருங்க. அழிஞ்சா நான் இந்தப் படியில காலே வைக்க மாட்டன்.”

அவர் போனபின் அக்கா பத்துப் பதினைந்து தாள்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் அகலத்திலும் பெருவிரலால் திருகிக்கொண்டே வந்தார். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் விரல் கறுத்தது. தாள் ஓடும் திசையில் ஒரே கோடு. மை சரியில்லை என்றால் எங்கும் ஒட்டும், வேகம் கூடினால் எங்கும் ஒட்டும். ஒரு கோட்டில் மட்டும் ஒட்டினால் குற்றம் விளக்கில் என்றார். பொறியை நிறுத்தி, குழாய் ஆறும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடியைத் திறந்து, கையுறை அணிந்து, குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஓரிடத்தில் விரல்நுனி அளவில் வட்டமான கருகல். அதைச் சுற்றி வெண்படலம். கருகலின் விளிம்பில் குங்குமத்தின் சிவப்புச் சாயல் இருந்ததாகப் பின்னாளில் பலரும் சொன்னார்கள். நான் பார்த்தபோது பழுப்பு நிறமே தெரிந்தது.

“ஆர் இதில கை வைச்சது?” என்று முதலாளி கேட்டார். அன்று ஏதோ அலுவலாக வந்திருந்த அவருடைய மனைவியும் அருகில் நின்றார். அக்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நான்தான்,” என்றார்.

“தொடக்கூடாது எண்டு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தது நீர்தானே?”

“ஓம். பாடம் எடுத்தவதான் பெயில்,” என்றார் அக்கா. அம்மா எதுவும் பேசவில்லை.

பொறியோடு வந்த உதிரிக் குழாய் ஒன்று இருந்தது. அதை மாட்டி, அட்டைகள் முழுவதையும் மீண்டும் அச்சிட்டு உலர்த்தினார்கள். பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாட்காலை அந்தப் பெண் வந்தபோது அக்கா ஓர் அட்டையை நீட்டி, “தேயுங்க பிள்ள,” என்றார். அவர் தேய்க்கவில்லை. அக்காவே அவருடைய கையைப் பிடித்து அந்தக் கன்னத்தின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். விரல் வெள்ளையாகவே இருந்தது. அந்தப் பெண் அப்போதுதான் அழுதார்.

பொறி களனிக்குத் திரும்பவில்லை. அக்காவும் புத்தகங் கட்டும் பகுதிக்குத் திரும்பவில்லை. ஆனால் உலர்த்தியின் மூடிக்குப் பூட்டுப் போடப்பட்டது. விளக்கு மாற்றவும் துடைக்கவும் களனியிலிருந்து ஆள் வரவேண்டும், அக்கா மூடியைத் திறக்கக் கூடாது என்று முதலாளி கட்டளையிட்டார். அக்காவுக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் வரும் நாட்களில் அவர் என் மேசைக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருப்பார். “அவர் துடைக்கிறத நான் பாத்தா கத்தீருவன் டீச்சர். நீங்க ஏதாவது இலக்கணம் செல்லுங்க,” என்பார். சில மாதங்களின்பின் ஒரு காலையில் முதலாளியின் மனைவி வந்து, பூட்டின் சாவியை அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனார். இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அச்சகத்தில் உலவிய கதை அன்றுதான் பிறந்தது: குழாயில் பொட்டு வைத்தது அம்மா, அவரைக் காட்டிக்கொடுக்காமல் பழியை ஏற்றது அக்கா, சாவி அதற்கான கைம்மாறு.

மகள் கேட்ட வரிக்காக, சென்ற வாரம் முதலாளியின் மனைவியைப் பார்க்கப் போனேன். வெள்ளவத்தையில், கடற்கரை வீதியை நோக்கிய ஒரு மாடிவீட்டில் தனியாக இருக்கிறார். நான் நேராகவே கேட்டேன். அவர் சற்று யோசித்து, “அண்டைக்கு எல்லாரும்தானே வைச்சனாங்கள். ஆர் எங்க வைச்சது எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். சாவியைப் பற்றிக் கேட்டேன். “அந்த டெக்னீசியன் ஒருநாளும் நேரத்துக்கு வாறேல்லை. அவவிட்ட குடுத்தா வேலை நடக்கும். அதுதான்.” பிறகு, நான் கேளாமலே, “அவ செத்த வீட்டுக்கு என்னால வர ஏலாமல் போச்சு,” என்றார். வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நான் பொருள் எழுத மாட்டேன்.

அந்த வரியை எழுத முடியாது என்று மகளிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “அப்ப எங்கட அம்மாதான் பிழை விட்டவ என்டு செல்றீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப அம்மா பொய் செல்லல்ல என்டாவது போடுவமா?” என்றாள். அதற்கும் என்னிடம் சான்றில்லை என்றேன். அவள், “அம்மா செல்ற மாதிரியேதான் இருக்கீங்க டீச்சர், காயவே மாட்டீங்க,” என்றாள். நினைவுத்தாளில், தன் கையால் நிறுவிய உலர்த்தியைத் தன் கையாலேயே இயக்கியவர் என்றும், ஒரு மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தவர் என்றும் எழுதினோம். அந்த இரண்டையும் நான் கண்ணால் கண்டேன்.

தாள் என் முன்னால் கிடக்கிறது. அக்கா குப்பையில் போட்டவற்றுள் ஒன்றை அன்று நான் எடுத்து, மெல்லிய தாள்களுக்கிடையில் வைத்து, வெளிச்சம் படாமல் அலுமாரியில் வைத்தேன். இன்று காலை அதன் கோட்டை விரலால் மெல்லத் தொட்டேன். விரல்நுனியில் கறுப்பு ஒட்டியது.

குழாயில் விரல் வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. அக்கா ‘நான்தான்’ என்றது உண்மையா, இரக்கமா என்பதும் தெரியாது.