ஜெயபாண்டி காமிச்ச தண்ணி

எழுமலைப் பக்கம் ஜெயபாண்டியத் தெரியாத ஆளு கெடையாது. உள்ளங்கையில தேங்காயப் படுக்க வச்சுக்கிட்டு காட்டுக்குள்ள நடப்பாரு. கீழ நீரோட்டம் இருந்தா தேங்கா எந்திரிச்சு நிக்கும். நிக்கிறதென்ன, சலாமே போடும்! ஓடைக்கு மேட்டுல இருக்குற போருக் கெணறு பூராம் அவரு காமிச்ச எடந்தான்.

ஆனா அவரு மல்லிப்பூத் தோட்டத்துக்குப் போரு கெடையாது. ஓடைத் தண்ணிய எறைச்சுத்தான் பொழப்பு. "மலையில பேஞ்ச மழை எனக்குச் சித்திரை வரைக்கும் வரும்டா"ன்னு மீசைய முறுக்குவாரு. அந்த மீசையில ரெண்டு ஆட்டக் கட்டலாம்.

அன்னைக்கு ஓடைக்குள்ள காலேஜுப் புள்ள அஸ்வினி ஒரு மீட்டர முக்கி முக்கி எடுத்துச்சு.

"என்ன தாயி, ஓடைக்குக் காச்சலா?"

"உப்பு பாக்குறேண்ணே. மழைத்தண்ணியில உப்பு கம்மி, மண்ணுக்குள்ள கெடந்து வர்றதுல சாஸ்தி. அத வச்சு எது எம்புட்டுன்னு கணக்குப் போடலாம்."

"எம்புட்டு?"

"இப்ப பத்துக் குடம் ஓடுனா ஒம்பது குடம் மண்ணுக்குள்ள இருந்து கசியிறதுண்ணே. மழைத்தண்ணி எப்பவோ போயிருச்சு. மேட்டுல இன்னும் போரு போட்டா இந்தக் கசிவும் நின்னுரும்."

சிரிக்கத் தொறந்த வாயி மூடல. மேட்டுல அக்கா மகன் தங்கப்பாண்டி இன்னைக்குத்தான் போரு போடுறான். எடம் காமிச்சது இவரேதான்!

வேட்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கமா ஓடுனாரு.

"மாப்ள, நிப்பாட்டு! தேங்கா தப்பாச் சொல்லிருச்சு!"

"ஒந் தேங்கா என்னைக்கு மாமா தப்புச் சொல்லுச்சு? தள்ளி நில்லு, கல்லு தெறிக்கும்."

"ஓடைக்கு வர்ற தண்ணிடா இது! எஞ்செடி செத்துப்போகும்டா!"

"ஓடை அங்குட்டு ஓடுது, போரு இங்குட்டு இருக்கு. வெயில்ல மூளை உருகிருச்சா மாமா? எனக்கும் பயிரு காயுதுல்ல?"

மருமகன் கால்லயே விழுந்தாரு. மிஷினு சத்தத்துல அழுகை கேக்கல. தண்ணி வந்துறக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்ட மனுசன் இந்தச் சீமையிலயே அவரு ஒருத்தருதான்.

தென்னமர ஒசரத்துக்குப் பீச்சி அடிச்சுச்சு. "மாமா கையி ராசிக் கையி!"ன்னு தூக்கி வச்சு ஆடுனாய்ங்க.

தெப்பமா நனைஞ்சு தோட்டத்துக்கு வந்தவரப் பாத்து, பொண்டாட்டி அழகம்மா கேட்டா: "மேட்டுல மழையாய்யா?"

"மோட்டார நிப்பாட்டு புள்ள."

"ஓடை நெறையத் தண்ணி ஓடுதே?"

"மேட்டுப் போரு இதக் குடிச்சுரும் புள்ள, பாதிச் செடிய விட்ருவோம். எந்தப் பாதின்னு நீயே சொல்லு."