போய் வருகிறோம் என்று எழுதினேன்

மேல்வீட்டு அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். துறைமுகத்தில் மிஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன், அதோடு சரி. அவருக்குப் படிக்க வராததும் எனக்குப் படிக்க வந்ததும் சேர்ந்துதான் என்னைக் கம்ப்யூட்டர் வேலையில் உட்கார வைத்தன. சொன்னால் என் பிள்ளைகளே சிரிப்பார்கள். சம்பளம் இல்லாத வேலைதான். கோப்பி உண்டு, சர்க்கரை தூக்கலாக.

குப்பை ஈமெயில்களைத் தடுக்கும் ஒரு சேவையை அண்ணன் தம் வீட்டு முன்னறையில் நடத்தி வந்தார். இன்னும் சிலர் அவரவர் வீட்டிலிருந்தே உதவினார்கள். யாருக்கும் காசு கிடையாது. எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒரு கடைக்கு ஈமெயில் வந்தால், உள்ளே விடுவதற்கு முன் கடையின் கம்ப்யூட்டர் அந்த முன்னறையில் இருந்த எங்கள் மிஷினை ஒரு வார்த்தை கேட்கும்: இந்த ஆள் நல்லவனா, குப்பை போடுகிறவனா? எங்கள் மிஷின் பதில் சொல்லும். யார் குப்பை போடுகிறவன் என்று மிஷினுக்குச் சொல்லி வைப்பது எங்கள் வேலை. தொல்லை தரும் ஈமெயில்களைக் கடைக்காரர்கள் எங்களுக்குத் தள்ளிவிடுவார்கள், நாங்கள் படித்து முடிவு செய்வோம். ஆங்கிலமும் மலாயும் அண்ணன் பொறுப்பு. சீனத்துக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய டீச்சர் இருந்தார். தமிழிலும் குப்பை வரத் தொடங்கியபோதுதான் அண்ணன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"தங்கச்சி, நீ தமிழ் படிப்பதானே? மேல வந்து ஒண்ணைப் பார்த்துச் சொல்லு. சூசா ஒண்ணும் இல்ல லா, லேசான வேலைதான்."

எனக்கு வேற்று மனிதர் முன்னால் வாய் திறப்பதே கஷ்டம். அண்ணி காலமான பிறகு அந்த வீட்டில் அவர் தனியாக இருந்தார். என் கூச்சம் தெரிந்து, கதவை அகலத் திறந்து, அதற்கு ஒரு செங்கல்லையும் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். திரையில் தமிழ் எழுத்து. படித்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"என்னா லா எழுதியிருக்கு?"

"உங்கள் மாமா காலமாகிவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்னு போட்டிருக்குண்ணே."

"மாமா செத்ததுல இவனுக்கு என்ன மகிழ்ச்சி?"

"சொத்து இருக்காம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் குப்பைக்கு 'மாமா' என்று பெயர். "இன்னைக்கு மாமா எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்றுதான் கேட்பார்.

அந்தக் காலை நேரங்கள் இப்போதும் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. சமையலை முடித்துவிட்டு மேலே ஏறுவேன். லிட்டில் இந்தியாவின் கேசட் கடைப் பாட்டும், இடித்த மிளகாய் நெடியும், மூன்று சக்கரத் திரிஷா வண்டிகளின் மணியும் ஜன்னல் வழியாக ஒன்றாகவே வரும். மூலையில் மிஷின் தேனீ மாதிரி முனகிக்கொண்டிருக்கும். தைப்பூசம் நெருங்கினால் வேலை கூடிவிடும். தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் ஒரே அழைப்பை ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அண்ணன் அதைக் குப்பை என்று சந்தேகப்படுவார். "இது மாமா இல்லண்ணே, பந்தல்காரங்க. விடுங்க," என்பேன். விட்டுவிடுவார். என் சொல்லுக்கு ஒருவர் உடனே தலையாட்டுவது எனக்குப் புதிது. வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட நான் யோசித்துத்தான் சொல்வேன்.

பிறகு பெரிய கம்பெனிகளின் ஈமெயில் சேவைகள் தாங்களாகவே குப்பையைத் தடுக்கத் தொடங்கின. உதவியவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அண்ணனின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஈப்போவில் இருக்கும் மகள் அங்கேயே கண் ஆப்பரேஷனுக்கு ஏற்பாடு செய்து, தன்னோடு வந்து இருந்துவிடச் சொன்னாள். அண்ணன் மிஷினை நிறுத்திவிட முடிவு செய்தார்.

ஆனால் சொல்லாமல் நிறுத்தக் கூடாதாம். கேட்கிற கம்ப்யூட்டர்களுக்குப் பதில் வராவிட்டால் அந்தக் கடைகளின் ஈமெயில் வழியிலேயே திணறி நிற்குமாம். அதனால் எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பினார்: மாதக் கடைசியில் மூடுகிறோம், அதற்குள் எங்கள் பெயரை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்திலும் மலாயிலும் அவர் எழுதினார். தமிழில் நான் எழுதினேன்.

மாதம் முடிந்தது. மற்றவர்கள் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். தமிழ்க் கடைகளின் கம்ப்யூட்டர்கள் மட்டும் எங்கள் மிஷினைக் கேட்டுக்கொண்டே இருந்தன. அண்ணன் ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டார். அடுத்த மாதமும் அப்படியே. மகள் போனில் அழுதாள். இனியும் தள்ளினால் பார்வைக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் அசையவில்லை. "நம்பிக் கேக்கிறவங்களை நடுவுல விட்டுட்டுப் போக முடியுமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, நம்ம ஆளுங்க மட்டும் ஏன் எடுக்கல? நீ என்ன எழுதுன? படி."

படித்தேன். "இத்தனை காலம் ஆதரவு தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. எங்கள் பெயரை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடலாம். மாதக் கடைசியில் போய் வருகிறோம்."

அண்ணனுடைய தோள் சிரிப்பில் குலுங்கியது. "போயிட்டு வர்றோம்னு சொன்னா, வருவாங்கன்னு தானே லா உட்கார்ந்திருப்பாங்க."

"பின்ன, போறோம்னு எப்படிண்ணே எழுதுறது?"

எங்கள் வீட்டில் காய் வாங்கப் பசாருக்குப் போனாலும் 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். 'போறேன்' என்று சொன்னால் அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மாற்றிச் சொல்லச் சொல்லி அனுப்புவாள். கையும் அப்படியே எழுதிவிட்டது.

"நீ எழுதினது. நீயே போய்ச் சொல்லிட்டு வா," என்றார் அண்ணன்.

போன் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நேரிலேயே போனேன். துணிக்கடையில் சிரமம் இல்லை. காசு மாற்றும் கடை பாய், "அப்போ வரலையாம்மா நீங்க? நான் ஏதோ லீவுன்னுல நெனச்சேன்," என்று சொல்லி, அங்கேயே ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். இப்படி ஒவ்வொன்றாக முடிந்து, கடைசியில் மிஞ்சியது குவீன் ஸ்திரீட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அக்கா. என்னைவிட மூத்தவர், நல்ல குரல்.

"எடுக்க மாட்டேன்," என்றார். "ஆர்டர் எல்லாம் எனக்கு ஈமெயில்லதான் வருது. நீங்க வர்ற வரைக்கும் குப்பை வந்தா வரட்டும். நான் காத்திருக்கேன்."

"அது வந்துக்கா... அண்ணனுக்குக் கண்ணு..."

"கண்ணு சரியானதும் வரட்டும். யாரு அவசரப்படுத்தினா?"

அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் அடுக்கி இருந்தன. அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசல்வரை வந்துவிட்டேன். மங்கலான கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணன் திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் படிப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன்.

"அக்கா, நாங்க போறோம். திரும்பி வரமாட்டோம்."

அச்சு மிஷினை நிறுத்தியே விட்டார். "சீ, என்ன பேச்சு இது. கல்யாண வேலை நடக்கிற இடத்துல. வாயைக் கழுவுங்க முதல்ல." ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் திணித்தார். குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். குரல் தணிந்துவிட்டது. "நிஜமாவே முடிஞ்சுபோச்சா?"

"ஆமாக்கா."

"முதல்லயே இப்படிச் சொல்றதுக்கென்ன," என்று முணுமுணுத்துவிட்டு மகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். நான் கிளம்பியபோது வாசலை மறித்துக்கொண்டார். "இப்போ ஒழுங்கா சொல்லிட்டுப் போங்க."

"போயிட்டு வர்றேன்க்கா."

நான் மேலே ஏறியபோது அண்ணன் மிஷின் அருகில் உட்கார்ந்திருந்தார். "சத்தமே இல்ல தங்கச்சி. ஒருத்தரும் கேக்கல." இன்னும் கொஞ்ச நேரம் இருவரும் காத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை. அவர் சுவிட்சைத் தொட்டார். அந்த முனகல் நின்ற பிறகுதான் தெருச் சத்தம் இவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

மறுநாளே மகள் காரோடு வந்துவிட்டாள். ஏறி உட்கார்ந்த அண்ணன் கார்க் கண்ணாடியை இறக்கினார். "போயிட்டு வர்றேன் தங்கச்சி. பாய்கிட்ட மட்டும் சொல்லிடு, இது சும்மா பேச்சுக்கு. மறுபடி காத்திருக்கப் போறாரு."

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஈப்போவிலேயே இருக்கிறார். என் போனுக்கு இப்போதும் மாமாக்கள் காலமாகிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்து, குரலில் பதிந்து அவருக்கு அனுப்புகிறேன். அவர் சிரிப்பதை மட்டும் பதிந்து திருப்பி அனுப்புகிறார்.