உட்கார்ந்தால் பேசக்கூடாது

காலையில் வந்ததும் லிஜா செய்கிற முதல் வேலை, அறையில் கிடக்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக வராந்தாவுக்குத் தள்ளுவது. தூக்கவும் மாட்டாள், இழுக்கவும் மாட்டாள். தோளில் பை, ஒரு கையில் போன், மறு கையில் சாயா. இடுப்பால் ஓர் இடி, அவ்வளவுதான். நாற்காலி தானாகப் போய் வராந்தாச் சுவரில் முட்டி நிற்கும். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சும். அது எனக்கு. என் முழங்கால் சரியில்லை.

"மொதலாளி இரிங்க. ஆனா இருந்துக்கிட்டுப் பேசப்பிடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அந்த அறையில் நிற்கிறவருக்குத்தான் பேச்சு.

என்னிடம் அப்படிச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இரண்டு தேனீப் பெட்டி வைத்துத் தொடங்கினேன். தகர டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டாற்றில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். இன்று களியக்காவிளை தாண்டிப் போகிற தேன் வண்டிகளில் எதை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், நேசபாய் தேன் என்றுதான் சொல்வார்கள். நேசபாய் என் மனைவியின் பெயர். பெரிய அதிகாரிகள் வந்த கூட்டத்திலும் முதலில் பேசியவன் நான். அப்படிப்பட்ட நான் தினமும் காலையில் வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் இருக்கிறேன் என்றால், லிஜா எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமையில் பாதி எனக்கும் சேரும். ஆளைப் பார்த்து வேலைக்கு எடுத்தது நான்தான்.

கடியபட்டணத்துக்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். குரலில் இன்னும் கடற்கரை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் அலைக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தாள். அம்மாவுக்கு நடக்க முடியாமல் போனதும் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். என்னைப் பார்க்க வந்த அன்று நான் கேட்டேன், "விளம்பரத்துக்கு ஆள் இருக்கே, மக்கள் தொடர்பு எதுக்கு?" அவள் யோசிக்கவே இல்லை. "விளம்பரம் நாம பேசுகது மொதலாளி. இது ஆளுவ பேசுகத கேக்குகது." அப்போதே எடுத்துக்கொண்டேன்.

அவள் கொண்டுவந்த முறைக்கு அஜைல் என்று பெயராம். கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். வருஷம் முழுவதற்கும் ஒரே திட்டம் போட்டு வைக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஓட்டம். அந்த இரண்டு வாரத்துக்குள் சின்னதாக ஒன்றைச் செய்து, வெளியே விட்டு, ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, அடுத்ததை மாற்றிக்கொள்ள வேண்டும். தேனீப் பெட்டியும் இப்படித்தான். இந்த வாரம் திறந்து பார்க்காமல் அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம் போடுவது? இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சுவரில் நாலு கட்டம் வரைந்திருக்கிறாள். செய்யணும், செய்யுகோம், வேற கண்ணு, போயாச்சு. ஒவ்வொரு வேலையும் ஒரு மஞ்சள் சீட்டு. எழுதியவர் தவிர இன்னொருவர் பார்த்தபிறகுதான் சீட்டு 'வேற கண்ணு' கட்டத்தைத் தாண்டும். காலையில் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்வார்கள். நேத்து என்ன முடிஞ்சு? இன்னைக்கு என்ன? எங்க முட்டுது? முட்டுவது என்றால் வேலை தடைபட்டு நிற்பது. பேச்சு நீண்டால் ஜன்னல் திண்டில் இருக்கிற காலித் தேன் போத்தலில் ஒரு எவர்சில்வர் கரண்டியால் தட்டுவாள். டிங் என்று கேட்டால் பேச்சு நிற்க வேண்டும். நேசபாய் தேன் போத்தல் நல்ல கண்ணாடி. சத்தம் கேட் வரைக்கும் போகும்.

இது கடல்காரர் முறைதானே, கரையில் நின்று நேற்று எங்கே வலை போட்டோம், இன்று எங்கே போடுவது என்று பேசுவீர்களே என்று ஒருநாள் கேட்டேன். எனக்கே அது நல்ல யோசனையாகப் பட்டது. அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பா வள்ளத்துல ஒருத்தரு சொன்னத ஒருத்தரு கேட்டதே இல்ல மொதலாளி. எல்லாரும் ஒண்ணிச்சுத்தான் பேசுவாவ."

வீட்டிலும் இதே கதைதான். குளிர்பெட்டிக் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்: அம்மைக்கு மருந்து, கேஸ், மீனுக்குப் புளி. அவள் கணவன் ஷிபு கத்தாரில் இருக்கிறான். போன தடவை லீவில் வந்தபோது என்னிடம் சொன்னான்: "அண்ணாச்சி, கூட இருக்கியவனுக்கெல்லாம் பெண்டாட்டி போன் பண்ணினா சாப்பிட்டியளான்னு கேப்பா. எனக்க பெண்டாட்டி எங்க முட்டுதுன்னு கேப்பா." சொல்லும்போது அவன் முகத்தில் குறை இல்லை.

லிஜாவையும் சேர்த்து அந்த அறையில் நாலு பேர். படம் எடுக்கப் பிளஸ்ஸி. போனில் வருகிற கேள்விகளையும் பதிவுகளையும் பார்க்க டெனிஷ். எழுத ரசலையன். ரசலையன் என்னோடு பழைய காலத்திலிருந்து இருப்பவன். அதற்கு முன்னால் ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு நோட்டீசுக்கு நாலு நாள் எடுப்பான். ஆனால் படித்தால் பிரசங்கம் கேட்ட மாதிரி இருக்கும். அவன் மகள் பிரிஜாவுக்கு இப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் 'அப்பா நேசபாய் தேன் கம்பெனியில்' என்று சொல்லித்தான் பேச்சே தொடங்கியது.

லிஜா வந்த முதல் வாரம், எங்க முட்டுது என்ற கேள்விக்கு ரசலையன் பதில் சொல்லத் தொடங்கினான். முகவுரை முடியும் முன்னே கரண்டி தட்டிவிட்டது. அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். பிளஸ்ஸி சிரித்தாள். மறுநாளிலிருந்து, "நேத்து எழுதினேன். இன்னைக்கும் எழுதுகேன். எனக்கு ஒண்ணும் முட்டல்ல" என்று ஆஜர் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். தொழிலைக் கவனிக்கிற என் மகன் ஷாஜன், "அந்தாளு இந்த வேகத்துக்கு ஆவாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இந்த மார்கழியில் குளிர் கூடுதல். ரப்பர்த் தோட்டத்துத் தேன் குளிரில் சீக்கிரம் உறையும். நல்ல தேனுக்கும் அது சகஜம். கோயம்புத்தூரில் ஒரு பெண் எங்கள் போத்தலைத் திறந்து, கட்டியாகக் கிடந்த தேனில் ஸ்பூனைக் குத்திக் காட்டி, "இது தேனா, சர்க்கரையா?" என்று வீடியோ போட்டுவிட்டாள். ஒரே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. களியக்காவிளையில் எனக்கு முன்னால் உட்காரக்கூடக் கூசுகிற வியாபாரி, சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போன் பண்ணினான்.

அன்று செவ்வாய்க்கிழமை. லிஜா சுவரில் இருந்த சீட்டெல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டு ஒரே ஒரு சீட்டு ஒட்டினாள்: கட்டித் தேன். "இன்னைக்கு ஓட்டம் ரெண்டு வாரம் இல்ல, ரெண்டு மணிக்கூர்" என்றாள். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் தேன் இளகுகிறதைப் பிளஸ்ஸி படம் எடுத்தாள். போட்டார்கள். "சர்க்கரையும்தான் சுடுதண்ணியில கரையும்" என்று கீழே ஒருவன் எழுதினான். நூறு பேர் அதற்குக் கை தட்டினார்கள். லிஜாவுக்குக் கோபம் வரவில்லை. "அவன் சொன்னது செரிதானே" என்று அந்தப் படத்தை நீக்கச் சொன்னாள். மத்தியானம் ஒரு தோட்டத்துக்கே போய், தேனீ கட்டிய அடைக்குள்ளேயே தேன் உறைந்து கிடப்பதைப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். அது கொஞ்சம் எடுபட்டது. எனக்கு மனசில் இருந்த வெப்ராளம் கொஞ்சம் அடங்கியது.

அப்போதுதான் அது நடந்தது. கோயம்புத்தூர்ப் பெண்ணின் வீடியோவுக்குக் கீழே எங்கள் கம்பெனி பெயரில் ஒரு பதில் போயிருந்தது. 'தேனின் தன்மை அறியாதோர் அதைப் பற்றி வாய் திறவாதிருத்தல் நலம்.' அதுவரை சும்மா இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். வாடிக்கையாளரை வாயை மூடச் சொல்கிற கம்பெனி என்று அதைப் படம் பிடித்து அனுப்பினார்கள். பதிலை அழித்தபிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருந்தது.

'வாய் திறவாதிருத்தல்' என்று இந்த ஜில்லாவில் எழுதுகிறவன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லிஜாவின் ஆட்கள் கட்டன்சாயாவும் நேந்திரங்காய்ச் சிப்சும் வைத்துக்கொண்டு, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். எங்கே சறுக்கினோம் என்று பேசுவார்கள். அன்றைக்கு ஒரு விதி உண்டு. 'ஆரு' என்று கேட்கக்கூடாது, 'எங்க வச்சு' என்றுதான் கேட்கலாம். நான் அந்த வெள்ளிக்கிழமை நாற்காலியில் இருக்கவில்லை. முழங்கால் நொந்தாலும் நின்றேன். பக்கத்தில் ஷாஜன். ரசலையனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்வதாக அவன் முடிவு பண்ணி வந்திருந்தான். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. நாற்பது வருஷத்துப் பெயர், ஒரு வரியில் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"ஆரு?" என்றேன்.

"மொதலாளி, வெள்ளிக்கெழம அந்த வார்த்த கெடையாது" என்றாள் லிஜா.

"இன்னைக்கு உண்டு."

ரசலையன் சுவரை விட்டு முன்னால் வந்தான். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, "நான்தான். கேட்டுத்தான் தெரியணுமா? எனக்கத் தமிழு ஒங்களுக்குத் தெரியாதா" என்றான். ஷாஜன் தொண்டையைச் செருமினான்.

லிஜா சாயா கிளாசைக் கீழே வைத்தாள். "எழுதினது அண்ணன். செரி. நம்ம தேனக் கொறச்சுப் பறஞ்சா அவருக்குக் கோவம் வரும், கோவத்துல எழுதத்தான் செய்வாரு. நாளைக்கு நானும் எழுதுவேன். அதுக்குத்தானே அங்க வேற கண்ணுன்னு ஒரு கட்டம் வரஞ்சு போட்டிருந்து?" சுவரைக் காட்டினாள். அங்கே இப்போது மூன்று கட்டம்தான் இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்த கறை. "செவ்வாக்கெழம காலம்பற, நேரமில்ல, இது வேண்டாம்னு தொடச்சுக் களஞ்சது ஆரு?"

டெனிஷ் சிப்சைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றான்.

"நான்" என்றாள். "அண்ணன் ரெண்டு தடவ கேட்டாரு, இத ஆராவது பாக்கண்டாமா மோளேன்னு. போடுங்க அண்ணே, போடுங்க அண்ணேன்னு சொன்னேன்."

ரசலையனை அனுப்ப வேண்டும் என்றால் முதலில் லிஜாவை அனுப்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறாம் வகுப்புத் தேவைப்படவில்லை. ஷாஜனும் என் மகன்தானே. கொண்டுவந்த பேச்சை விழுங்கிவிட்டு ஒரு கட்டன்சாயா எடுத்துக்கொண்டான்.

பிறகு லிஜா ஒரு காரியம் செய்தாள். சுவரில் எழுதுகிற பேனாவை ரசலையன் கையில் கொடுத்தாள். என் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ரசலையன் பேனாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏட்டி, எந்திரி. நான் என்ன பறயுகது?" என்றான். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். உட்கார்ந்தால் பேசக்கூடாதே.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கறை மேலேயே கட்டத்தை வரைந்தான். 'வேற கண்ணு' என்று அச்சடித்த மாதிரி எழுதினான். அதன் கீழே ஒரு சீட்டு: அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளையிடம் பேச வேண்டும். "எழுதல்ல. நானே போன்ல பேசுகேன். மன்னிப்புக் கேக்கியதுன்னா கொரலு வேணும்" என்றான். மறுநாள் லிஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினான். அந்தப் பெண் வீடியோவை நீக்கவில்லை. ஆனால் 'கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார்' என்று இன்னொன்று போட்டாள். களியக்காவிளைக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டான்.

அது மறுநாள் கதை. அந்த வெள்ளிக்கிழமை, சீட்டை ஒட்டிய பிறகும் ரசலையன் நிறுத்தவில்லை. இத்தனை மாதமாக ஒன்றும் முட்டவில்லை என்று சொன்னவனுக்கு எல்லாமே முட்டியிருந்தது போல. "எங்க பத்திரிகையில ஒரு எடிட்டரு உண்டு. கோவத்துல எழுதினதத் திருப்பித் தந்து, போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்கம்பாரு. ஒரு தடவ பாத்துக்கிடுங்க, தக்கலையில ஒரு வெள்ளம் வந்து…" என்று அவன் தக்கலை வெள்ளத்துக்குள் இறங்கிவிட்டான். வெள்ளம் வடிகிற மாதிரி இல்லை. பிளஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தாள். டெனிஷ் போத்தலைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ரசலையனுக்கே ஓர்மை வந்து, பாதி வாக்கியத்தில் ஜன்னல் திண்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

லிஜா நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டிக் கரண்டியை எடுத்தாள். ரசலையன் பேச்சை நிறுத்தினான். அவள் கரண்டியைத் துப்பட்டா முனையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகவாயில் கையை ஊன்றி அவன் முகத்தையே பார்த்தாள்.