நான் படிக்காமல் விட்ட வரி

அருளப்பன் இறந்த செய்தி எனக்கு ஊரப்பாக்கத்திலிருந்து வந்தது. செம்பாக்கத்தில் அவருடைய ஜெராக்ஸ் கடைக்கும் என் பெயின்ட் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். பதினாறு வருடப் பழக்கம். அப்படியிருந்தும், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது எங்கள் எழுத்து வகுப்பின் வாட்ஸாப் குழுவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊரப்பாக்கத்துக் கல்லூரி மாணவி கீர்த்தனா போட்டிருந்தார்: ‘அருளப்பன் அங்கிள் நெஞ்சுவலியில தவறிட்டாராம். ஸ்டெல்லா அக்கா போன் பண்ணாங்க.’ ஸ்டெல்லா அவருடைய மகள். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வேறு. எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை? அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு. இன்னும் முழுதாகப் போகவில்லை.

தாம்பரத்தில் டப்பா தூக்கித் தொழில் கற்று, யார் தயவும் இல்லாமல் கடை வைத்தவன் நான். அவர் கணக்கில் தோற்றுப் பத்தாவதோடு நின்றவர். கடை என்னுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் ஆட்கள் அவரிடம்தான் நிற்பார்கள். வேலை முடிந்தும் பேசிக்கொண்டு நிற்பார்கள். என் கடையில் சரக்கு வாங்கியவர் யாரும் நின்றதில்லை.

இரண்டு வருடம் முன்பு, பிரிண்ட் எடுக்க வந்த கீர்த்தனா ஒரு நோட்டீஸைக் கடையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மாணவர்களுக்கு ஆன்லைனில் எழுத்துப் பயிற்சி, ஞாயிறு மாலை. அருளப்பன் அதை ஒட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இன்னாண்ணா, நாம சேர்லாமா?”

“பசங்களுக்குன்னு போட்டிருக்கு அருளு. உனக்கு அங்க என்ன வேலை?”

“நான் இன்னும் பத்தாவது முடிக்கலையே. ஸ்டூடண்டுதானே!”

விண்ணப்பத்தில் ‘என்ன படிக்கிறீர்கள்’ என்ற இடத்தில் ‘பத்தாம் வகுப்பு, கணக்கு பாக்கி’ என்றே எழுதி அனுப்பினார். வகுப்பை நடத்திய நிவேதா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். மூன்றாம் வாரம் நானும் சேர்ந்தேன், எழுத ஆசைப்பட்டு அல்ல. திங்கட்கிழமை ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் “அங்கிள், நேத்து செம!” என்று சொல்வது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான்.

மேடத்தின் வகுப்பில் ஒரு வழக்கம். எழுதியவர் தன் கட்டுரையைத் தானே படிக்கக் கூடாது. பெயரை எடுத்துவிட்டு வேறொருவரிடம் கொடுப்பார். எல்லோரும் கேமராவை அணைத்துவிட வேண்டும். “நீங்க எழுதினத அடுத்தவங்க வாயால கேட்டாதான் எங்க இடிக்குதுன்னு தெரியும்” என்பார்.

‘தினமும் தொடும் பொருள்’ என்று தலைப்புக் கொடுத்த வாரம், நான் கடைச் சாவியைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நான் முன்னேறிய கதை மொத்தமும் அதில் இருந்தது. கீர்த்தனா படித்தார், நடுவில் அவர் கொட்டாவியை விழுங்கியது எனக்குக் கேட்டது.

படிக்கச் சொல்லி எனக்கு வந்தது ஒற்றைப் பக்கம். மிஷினிலிருந்து வரும் தாளின் சூடு என்று இரண்டாவது வரியில் வந்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. மழை நாளில் கல்லூரிப் பிள்ளைகள் அந்தத் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொள்வார்களாம். பிறகு ஓர் அம்மா வருகிறார். கணவரின் இறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்க வந்தவர், சூடான பிரதிக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறார். அதற்குக் கீழே கடைசியாக ஒரே ஒரு வரி.

அந்த வரியைக் கண்ணால் படித்தேன். வாயால் படிக்கவில்லை. வாங்கப்போகும் சரக்கை வியாபாரி புகழமாட்டான், அப்படிப் பழகிய வாய் என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. அந்த வரியைக் கேட்டுவிட்டால் என் மூன்று பக்கத்தையும் ஒருவரும் நினைவில் வைக்கமாட்டார்கள் என்று புரிந்தது. மைக்கை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு டீயோடு வந்தார்.

“அண்ணா, கடைசி வரிய வுட்டுட்டீங்களே.”

“நெட் போச்சுப்பா.”

“நெட்டா? சரி சரி.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “மத்தபடி எப்படி கீது?”

“பரவாயில்ல.”

“உங்ககிட்ட ‘நல்லாருக்கு’ன்னு வாங்கறதுக்குள்ள நான் கணக்குலயே பாஸாயிடுவேன் போல!”

அதன்பின் ஒவ்வொரு கட்டுரைக்கும் கேட்டார். அந்தப் ‘பரவாயில்ல’வை நான் கடைசிவரை தாண்டவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

“அங்கிள், அந்த ஜெராக்ஸ் கட்டுரைய நீங்க படிச்சத அப்பா சொல்லிட்டே இருப்பாரு. கடைசி வரி வந்தப்ப உங்களுக்குத் தொண்ட அடச்சிக்கிச்சாமே? மைக்க ஆஃப் பண்ணிட்டு அழுதீங்களாம். மறுநாள் நெட் போச்சுன்னு சமாளிச்சீங்களாம். ‘அண்ணன் வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாரு, ஆனா எனக்கு இந்த மார்க்கே போதும்’பாரு.”

இல்லையம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் செய்த அற்பத்தனத்தைத் தனக்குக் கிடைத்த பரிசாக நினைத்து இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார். இதிலும் என்னை முந்திவிட்டார். இப்போது அந்த மனத்தைப் பார்த்தும் பொறாமையாக இருக்கிறது.

எங்கள் எழுத்து வகுப்பு வெளியிடும் மலருக்கு அஞ்சலி எழுத ஆள் கேட்டபோது, வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மேடத்திடம் கேட்டு வாங்கினேன். நேற்று பக்கத்துக் கடை திறந்திருந்தது. ஸ்டெல்லா அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் புடிங்க அங்கிள்” என்று பிரதிக் கட்டை என் கையில் கொடுத்தாள். அவர் எழுதியது சரிதான். அந்தச் சூட்டை உடனே கீழே வைக்க முடியவில்லை.

அருளப்பன் அவர்களே, உங்கள் மகளும் இதைப் படிப்பாள், படிக்கட்டும். அன்று நெட் போகவில்லை. நான் அழவும் இல்லை. நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது, நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். நான் விட்ட வரியை இப்போது எல்லோர் முன்னாலும் படிக்கிறேன்:

‘அந்த அம்மா பத்துப் பிரதிதான் கேட்டார்; சூடு ஆறிவிடக் கூடாதென்று பதினொன்றாவதையும் போட்டு, அவர் கையிலிருந்த கட்டின் மேல் வைத்தேன்.’