ஆறு நாற்காலிகளில் ஒன்று

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இன்னும் நம்ப முடியவில்லை. காலையில் என்னோடு டீ குடித்தவர், மதியச் சோறு வடிப்பதற்குள் இல்லை.

தென்னேரியில் பிறந்த அண்ணன், அப்பா போனபின் தச்சு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். சென்னையில் பழைய மரச்சாமான் கடையொன்றில் இருந்தபோது டென்மார்க் நாட்டுச் சாப்பாட்டு நாற்காலிகள் அவர் கைக்கு வந்தன. தேக்குச் சட்டம், முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னிய இருக்கை. அங்கே நாற்காலியை வரைபவரும் தச்சரும் ஒன்றாக நின்று, உட்காருபவரின் முதுகை நினைத்தே மரத்தை வளைத்தார்கள் என்று வியந்து சொல்வார். உடைந்து வந்த ஆறை வாங்கி, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் வைத்துச் சீராக்கினார்.

"பட்டு நெய்யுற ஊர்ல காகிதத்த பின்னிக்கினு கீறியே!" என்று பக்கத்து வீட்டுக்காரர் சீண்டுவார்.

"பட்டு மேல நீ உக்காருவியாபா? இதுல உக்காந்து பாரு" என்பார் அண்ணன்.

அவர் இறந்த அன்று எங்கள் வழக்கப்படி உடலை வாசலில் உட்காரவைக்க, யாரோ அவசரத்தில் அந்த ஆறில் ஒன்றைத் தூக்கிவந்துவிட்டார்கள். அப்படி உட்காரவைத்த நாற்காலி மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது.

"அத்த மயானத்துலயே வுட்டுடுங்கபா. இன்னொரு சாவ இஸ்துக்கினு வரும்" என்றார் சித்தப்பா.

எனக்கு ஒரே மகள். பயந்துபோய் நானும் தலையாட்டினேன். ஆனால் உடலைப் பாடைக்கு மாற்றியபின் நாற்காலியை எடுக்கப் போனபோது வாசலில் அது இல்லை. உள்ளே என் மகள் ஆறையும் துடைத்து, மேசையைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"எதுடி அது?" என்று கத்தினேன்.

"தெரியலபா. கலந்துட்டேன். பெரியப்பா உக்காந்தது ஆவாதுன்னா ஆறையும் தூக்கி வெளிய போடு. எல்லாத்துலயும்தான் உக்காந்தாரு."

சித்தப்பா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி, "கிட்ட இருக்கறத இழுமா, காலு வலிக்குது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இன்றும் மகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது எந்த நாற்காலி என்று என் கண் தேடுகிறது. எந்தக் கெடுதலும் வரவில்லை, பயமும் போகவில்லை.

அன்று தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர்களுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த தெருவாருக்கும், ஐயம்பேட்டை உறவினர்களுக்கும் கைகூப்புகிறோம். இன்று பந்தியில் மூத்தவர்களாகிய நீங்கள் அந்த நாற்காலிகளில்தான் அமரப்போகிறீர்கள். எது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாதபடி செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார் அண்ணன்.